வளர்ந்த நாடுகளின் பொருளாதார, சமூகக் கொள்கைகள் குறித்த மாணவர் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கக் கட்டத்துக்கோ வளர்ந்த நாடுகளின் கொள்கைகளைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகள் கழிந்த பின் எனக்கு ஏற்பட்டுள்ள உறுதியான எண்ணம் ஒன்றுதான்: ஒரு எண்ணை எடுத்தாளும் முன் அது எப்படி உருவானது என்று தேடிப் பார்க்கும் மாணவர், பெரிய தலைப்போடு வருபவரைவிடப் பயனுள்ள ஆய்வைச் செய்து முடிக்கிறார். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்தையே வெவ்வேறு இடங்களிலிருந்து தொடுகின்றன.

‘வளர்ந்த நாடு’ என்று எவற்றைக் கொள்வது?

எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே பட்டியல் கிடையாது. உலக வங்கி, தனிநபர் தேசிய வருமானத்தை வைத்து நாடுகளை ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் வகைப்படுத்துகிறது. அதில் ‘உயர் வருமான நாடுகள்’ என்பது ஒரு பிரிவு. பன்னாட்டு நாணய நிதியம் ‘முன்னேறிய பொருளாதாரங்கள்’ என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு 1961 முதல் இயங்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பில், அதாவது ஓஇசிடியில், இப்போது 38 உறுப்பு நாடுகள் உள்ளன. மெக்சிகோ, கொலம்பியா, துருக்கி ஆகியவையும் அதில் அடங்கும் என்பதால், ஓஇசிடி நாடு என்றாலே பணக்கார நாடு என்று எழுதிவிடக் கூடாது. எந்தப் பட்டியலை, எந்த ஆண்டுக்குரியதாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டால் போதும்.

தலைப்பை எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு சுருக்க வேண்டும். ‘ஐரோப்பாவில் பாலினச் சமத்துவமும் குடும்பக் கொள்கையும்’ என்ற தலைப்போடு வரும் மாணவரை எடுத்துக்கொள்வோம். அதில் கேள்வியே இல்லை. ஒரு நூலகப் பிரிவின் பெயர்தான் இருக்கிறது. அதைச் சுருக்கிக்கொண்டே போனால் ஸ்வீடனுக்கு வந்து சேரலாம். பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஊதியத்துடனான விடுப்பை 1974-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த நாடு அது. ஆனால் சட்டம் அனுமதித்தும் தந்தையர் அந்த விடுப்பை மிகக் குறைவாகவே எடுத்தார்கள். ஆகவே 1995-இல், விடுப்பில் ஒரு மாதம் தாய்க்கும் ஒரு மாதம் தந்தைக்கும் என ஒதுக்கப்பட்டு, எடுக்காவிட்டால் அந்த மாதம் குடும்பத்துக்கே இல்லாமல் போகும் என்ற விதி வந்தது. 2002-இல் இது இரண்டு மாதமாகவும், 2016-இல் மூன்று மாதமாகவும் உயர்ந்தது.

இந்த விதி, 1995 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கே பொருந்தியது. 1994 டிசம்பர் கடைசி வாரத்தில் குழந்தை பெற்ற குடும்பமும் அடுத்த வாரம் பெற்ற குடும்பமும் வருமானம், கல்வி, வசிப்பிடம் ஆகியவற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரியானவைதான். அவற்றைப் பிரித்தது சட்டம் மட்டுமே. ‘1995-ஆம் ஆண்டின் ஒதுக்கீடு, தந்தையர் எடுத்த விடுப்பு நாட்களைக் கூட்டியதா?’ என்று கேட்டால் அதற்கு விடை காண முடியும். ஒரு கொள்கை, ஒரு தேதி, ஒரு விளைவு என்ற மூன்றும் வினாவுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் சுருக்குங்கள்.

எந்தக் கொள்கைகள் மாணவர் ஆய்வுக்கு நன்றாகப் பொருந்துகின்றன?

தெளிவான தொடக்க நாளும், அந்தக் கொள்கை எட்டாத ஒரு பிரிவினரும் உள்ளவை. பிரிட்டனில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 1999 ஏப்ரல் 1 அன்று மணிக்கு 3.60 பவுண்டு என நடைமுறைக்கு வந்தபோது, 18 முதல் 21 வயது வரையுள்ளோருக்குக் குறைவான தனி ஊதியம் விதிக்கப்பட்டது. ஆகவே 22-ஆம் வயது ஓர் இயல்பான எல்லைக்கோடாக அமைந்தது. ஜெர்மனியில் 2015 ஜனவரி 1 முதல் மணிக்கு 8.50 யூரோ என்று நாடு முழுவதும் ஒரே தொகை நிர்ணயிக்கப்பட்டது. கிழக்குப் பகுதியில் ஊதியம் தாழ்ந்திருந்ததால் அங்கே அதன் தாக்கம் கூடுதலாக இருந்தது. ஒரே நாட்டுக்குள் ஒப்பிட வழி கிடைத்தது.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கி, நான்கு வயதுக் குழந்தைகளிலிருந்து ஆண்டுதோறும் இளைய வயதினருக்கு விரிவுபடுத்தியது. மற்ற மாகாணங்கள் அப்படிச் செய்யவில்லை என்பதால் ஒப்பீட்டுக்கு அவை இருந்தன. தாய்மார்கள் வேலைக்குச் செல்வது தெளிவாகக் கூடியது என்றும், குழந்தைகளின் நடத்தை சார்ந்த சில அளவுகள் மோசமாயின என்றும் பொருளியலாளர்கள் கண்டறிந்தார்கள். இந்த இரண்டாவது முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஜப்பான் 2000 ஏப்ரலில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் வளமான களம்: 40 வயதிலிருந்தே சந்தா செலுத்த வேண்டும், பயன் முக்கியமாக 65 வயதைக் கடந்தோருக்கு. முதியோரைப் பராமரித்து வந்த மகள்களும் மருமகள்களும் வேலைக்குத் திரும்பினார்களா என்ற ஒரே வினாவைச் சுற்றிப் பல ஆய்வேடுகள் எழுதலாம்.

வரலாறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

உங்கள் கொள்கை எந்த மரபில் முளைத்தது என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க் 1883-இல் நோய்க் காப்பீடும், 1884-இல் விபத்துக் காப்பீடும், 1889-இல் முதுமை, ஊனம் ஆகியவற்றுக்கான காப்பீடும் கொண்டுவந்தார்; தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்துவது அங்கே அடிப்படை. பிரிட்டனில் சமூகக் காப்பீடு குறித்து 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கைக்குப் பின், 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை, பெரும்பாலும் வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் என்ற வழியில் சென்றது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஓய்வூதியத்துக்கு அடித்தளமிட்டது. அரசு மருத்துவக் காப்பீடு 1965 வரை வரவில்லை, வந்தபோதும் முதியோருக்கும் ஏழைகளுக்கும் மட்டுமே வந்தது.

டென்மார்க் சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-இல் நல அரசுகளைத் தாராளவாத, பழமைவாத, சமூக ஜனநாயக என மூன்றாகப் பிரித்ததை ஏறக்குறைய எல்லா ஆய்வேடுகளும் மேற்கோள் காட்டுகின்றன. அதைச் சட்டகமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாட்டை ஒரு பெட்டிக்குள் போட்டதாலேயே அந்த நாட்டில் நடந்தது விளக்கப்பட்டுவிட்டதாக எழுதுவது தவறு.

ஒரே சொல்லுக்கு நாட்டுக்கு நாடு வேறு பொருள் இருக்கிறதே, ஒப்பிடுவது எப்படி?

வறுமை என்ற சொல்லையே பாருங்கள். ஓஇசிடி பொதுவாக, நாட்டின் இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவரின் வருமானம்) பாதிக்கும் குறைவாகப் பெறுவோரை ஏழைகள் என்று கணக்கிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 60 விழுக்காட்டைக் கோடாக வைத்து, அதற்குக் கீழே இருப்போரை ‘வறுமை அபாயத்தில் உள்ளோர்’ என்கிறது. பிரிட்டன் வீட்டுச் செலவைக் கழிப்பதற்கு முன் ஓர் எண்ணும் கழித்த பின் ஓர் எண்ணும் வெளியிடுகிறது. லண்டனைப் பற்றி எழுதும்போது எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும்.

அமெரிக்காவின் அதிகாரபூர்வ வறுமைக்கோட்டின் கதை முற்றிலும் வேறு. 1960-களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி, சிக்கனமான உணவுத் திட்டம் ஒன்றின் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுவதாக 1955-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு ஒன்று காட்டியிருந்ததே மூன்றால் பெருக்கியதற்குக் காரணம். அந்தக் கோடுதான் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு இன்றுவரை நீடிக்கிறது. அதோடு ஒப்பிடும் வருமானமோ வரிக்கு முந்தைய ரொக்க வருமானம். உணவு உதவி அட்டையில் வருவதும், குறைந்த ஊதியத் தொழிலாளர்களுக்கான வரிச் சலுகைத் தொகையும் அதில் சேராது. அப்படியென்றால், அந்த இரண்டு திட்டங்களும் வறுமையைக் குறைத்தனவா என்று இந்த எண்ணை வைத்து ஆராய்வதில் பொருளே இல்லை. அவற்றால் நகர முடியாதபடிதான் அந்த எண் கட்டப்பட்டிருக்கிறது. 2011 முதல் வெளியாகும் துணை வறுமை அளவு அந்தக் குறையைச் சரிசெய்கிறது. இதை அறியாமல் நல்ல மாணவர்கள் ஓர் அரையாண்டையே வீணாக்கியதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஓஇசிடியும் யூரோஸ்டாட்டும் வைத்திருப்பதுபோல் இடைநிலை வருமானத்தைச் சார்ந்து அமையும் வறுமைக்கோட்டிலும் ஒரு பொறி உண்டு. பொருளாதாரம் சரியும்போது இடைநிலை வருமானமும் சரிந்து, கோடும் கீழிறங்கி, யாருடைய நிலையும் மேம்படாமலேயே ஏழைகளின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியும். பிரிட்டனில் 2010–11 நிதியாண்டில் இதுதான் நடந்தது.

வேலையின்மை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணிநேரம் ஊதியத்துக்கு வேலை செய்தவரும் வேலையில் உள்ளவரே. இளைஞர் வேலையின்மை வீதம் 25 விழுக்காடு என்றால் நான்கு இளைஞர்களில் ஒருவருக்கு வேலையில்லை என்று பொருளல்ல. வேலையில் உள்ளோரும் வேலை தேடுவோரும் மட்டுமே அந்தக் கணக்கில் வருவதால், படித்துக்கொண்டு மட்டும் இருப்போர் அதில் சேர்வதே இல்லை.

எந்த நாடு சமூக நலனுக்கு அதிகம் செலவிடுகிறது என்று எழுதலாமா?

எந்தச் செலவு என்று சொல்லிவிட்டு எழுதலாம். அரசின் மொத்தச் சமூகச் செலவினத்தை மட்டும் பார்த்தால் பிரான்ஸ் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 30 விழுக்காட்டை ஒட்டிய உயரத்திலும், அமெரிக்கா வெகு கீழேயும் தெரியும். ஆனால் டென்மார்க் போன்ற நாடுகள் ஒரு கையால் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை வரியாக மறு கையால் திரும்பப் பெறுகின்றன. அமெரிக்காவோ வரிச் சலுகைகள் வழியாகவும், முதலாளிகள் எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடு போன்ற தனியார் ஏற்பாடுகள் வழியாகவும் பெருந்தொகையைச் செலவிடுகிறது. இவற்றையும் சேர்த்து ஓஇசிடி தரும் நிகரக் கணக்கில் அமெரிக்கா பிரான்ஸுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது தனிக் கேள்வி. என் பார்வையில் அதுதான் ஆராய வேண்டிய கேள்வி.

தரவுகள் எங்கே கிடைக்கும்? பணம் கட்ட வேண்டுமா?

பெரும்பாலானவை இலவசம். நாடுகளை ஒப்பிடும் தொகுப்புத் தரவுகளை ஓஇசிடி, யூரோஸ்டாட், உலக வங்கி ஆகியவற்றின் தளங்களில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். தனிக் குடும்ப அளவிலான தரவுகளுக்குப் பதிவு செய்யவோ விண்ணப்பிக்கவோ வேண்டும்: அமெரிக்காவில் 1968 முதல் அதே குடும்பங்களைத் தொடர்ந்து பின்பற்றிவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பு, ஜெர்மனியில் 1984 முதல் நடக்கும் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, பிரிட்டனில் 2009-இல் தொடங்கிய விரிவான குடும்பக் கணக்கெடுப்பு ஆகியவை புகழ்பெற்றவை. 1983 முதல் இயங்கும் லக்சம்பர்க் வருமான ஆய்வு பல நாடுகளின் வருமானத் தரவுகளை ஒரே வடிவத்துக்கு மாற்றி வைத்திருக்கிறது. அங்கே தரவு உங்கள் கைக்கு வராது. நீங்கள் எழுதிய நிரலை அனுப்பினால், அவர்களின் கணினியில் அது ஓடி, முடிவு மட்டும் திரும்பி வரும்.

விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைக்க வாரங்கள் ஆகலாம், சில வேளை மாதங்களும் ஆகலாம். ஆகவே தலைப்பை உறுதிசெய்யும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அட்டவணையின் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் வரைபடம் போட வேண்டாம். ஒரு நாட்டின் கோடு திடீரென்று எகிறினால், பெரும்பாலும் அந்த ஆண்டில் கணக்கெடுப்பு முறைதான் மாறியிருக்கும்.

மாற்றத்துக்குக் கொள்கைதான் காரணம் என்று எப்படி நிறுவுவது?

கொள்கை வந்த பின் நிலைமை மாறியது என்பது மட்டும் சான்றாகாது. கொள்கை வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஓர் ஒப்பீடு வேண்டும். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் எல்லையின் இருபுறத்திலும் உள்ள 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்து, நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு குறைந்ததற்கான அறிகுறி இல்லை என்று 1994-இல் எழுதினார்கள். பின்னர் டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு அதே கேள்வியை ஆராய்ந்து மாறான முடிவுக்கு வந்தார்கள், விவாதம் நீண்டது. கார்டுக்கு 2021-இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பாதி கிடைத்தது. கார்டும் குரூகரும் கண்ட முடிவை நீங்கள் ஏற்காவிட்டாலும், எல்லையின் இருபுறமும் ஒப்பிட்ட அந்த முறையைக் கற்றே ஆக வேண்டும்.

அரிதாகச் சில இடங்களில் குலுக்கலே நடந்திருக்கும். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2008-இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் ஏறத்தாழ 10,000 இடங்களைத் திறந்தபோது 90,000 பேர் அளவில் பெயர் கொடுத்தார்கள். யாருக்கு என்பது குலுக்கலில் முடிவானது. காப்பீடு கிடைத்தவர்களிடம் கடன் சுமையும் மனச்சோர்வும் குறைந்தன. இரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குள் தெளிவான மாற்றம் தென்படவில்லை. இரண்டு முடிவுகளையும் சேர்த்தே எழுத வேண்டும். தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்காட்டும் ஆய்வேட்டை நான் ஏற்பதில்லை.

வெளிவந்த ஓர் ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பது ஆய்வாகுமா?

ஆகும். மாணவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஆய்வுகளில் அதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய ஆண்டுகளில் வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி –0.1 விழுக்காடு என்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செலவுக் குறைப்பை வலியுறுத்தியவர்கள் அந்த 90 விழுக்காட்டை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பயின்ற தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வெளியான ஆய்வொன்றைத் திரும்பச் செய்து பார்க்கும் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கட்டுரையை எடுத்தார். கணக்கு ஒத்துவரவில்லை. தன் தவறு என்றே முதலில் எண்ணினார். கட்டுரையாளர்களிடம் கேட்டபோது அவர்களின் எக்செல் கோப்பே அவருக்குக் கிடைத்தது.

கோப்பைத் திறந்து பார்த்தால், சராசரி காணும் சூத்திரம் 30-ஆம் வரிசையிலிருந்து 49-ஆம் வரிசை வரை செல்ல வேண்டியது, 44-இலேயே நின்றிருந்தது. விடுபட்ட ஐந்து வரிசைகளில் இருந்தவை ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது இந்தப் பிழைதான். ஆனால் முடிவை அதிகம் மாற்றியவை வேறு இரண்டு. சில நாடுகளின் போருக்குப் பிந்தைய ஆண்டுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மேலும், ஒவ்வொரு நாட்டுக்கும் சம எடை தரப்பட்டதால், உயர்கடன் நிலையில் சராசரி 2.4 விழுக்காடு வளர்ந்த பிரிட்டனின் 19 ஆண்டுகளும், –7.6 விழுக்காடு சரிந்த நியூசிலாந்தின் 1951 என்ற ஒரே ஆண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக நின்றன. ஹெர்ன்டனும் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலினும் 2013-இல் வெளியிட்ட திருத்திய கணக்கில் அந்தச் சராசரி 2.2 விழுக்காடாக வந்தது. வளர்ச்சி ஓரளவு குறையவே செய்கிறது. ஆனால் 90-இல் பள்ளம் எதுவும் இல்லை. சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்ட மூல ஆசிரியர்கள், எடை பற்றிய விமர்சனத்தை ஏற்கவில்லை.

ஆகவே தரவும் நிரலும் வெளியிடப்பட்டுள்ள ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, முதலில் அதன் அட்டவணைகளை அப்படியே வரவழையுங்கள். பிறகு ஒரே ஒரு தெரிவை மட்டும் மாற்றி, முடிவு நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்தாலும் அது எழுதத்தக்க செய்தியே.

புள்ளியியல் எனக்கு வராது. இந்தத் துறையில் ஆய்வு செய்ய இயலுமா?

இயலும். கொள்கை எப்படி உருவானது, யார் எதிர்த்தார்கள், எந்தச் சொல் எந்த வரைவில் நுழைந்தது என்பவை ஆவணங்களில் இருக்கின்றன. பிரிட்டன் நாடாளுமன்ற விவாதங்கள் 1803 தொடங்கி இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஸ்வீடனில் பெரிய சீர்திருத்தங்களுக்கு முன் விசாரணைக் குழு அமைத்து, அதன் அறிக்கையைத் தொழிற்சங்கங்கள், நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு அனுப்பி எழுத்து வழியாகக் கருத்துக் கேட்பது நீண்ட மரபு. அந்தப் பதில்களை வரிசைப்படுத்திப் படிப்பதே ஓர் ஆய்வாகும். நெதர்லாந்தில் 1945-இல் தொடங்கப்பட்ட மத்தியத் திட்டக் கழகம், 1986 முதல் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளைக் கணக்கிட்டு, எந்த வாக்குறுதி வேலைவாய்ப்பையும் பற்றாக்குறையையும் எவ்வளவு மாற்றும் என்று வெளியிட்டு வருகிறது. கட்சிகள் அந்தக் கணக்குக்கு ஏற்றபடி தங்கள் வாக்குறுதிகளை வளைத்தனவா என்பது எண்களோடு போராடாமல் ஆராயத்தக்க அருமையான கேள்வி.

அந்த நாட்டின் மொழி தெரியாவிட்டால்?

ஆங்கிலச் சுருக்க அறிக்கைகளை மட்டும் நம்ப வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பு பொருளை உணர்த்தும். சட்டத்தில் ‘வேலையில்லாதவர்’, ‘குடும்பம்’ போன்ற சொற்களின் வரையறையில் தவறிவிடும். முக்கியமான பத்து சொற்களையாவது மூல மொழியில் கற்று, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல் எடுக்க அனுமதி தேவையா?

தேவை. உதவித்தொகை பெறுவோரிடம் பேசும் முன் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, மாணவர் ஒலிப்பதிவுகளுக்கும் பொருந்தும். தங்கள் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சத்தோடு பேசுபவர்களின் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊர், வயது, நோய் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காட்டிவிடும்.

எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லையென்றால் ஆய்வு தோல்வியா?

பின்லாந்தைப் பாருங்கள். 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளும், வேலையில்லாத 2,000 பேரைக் குலுக்கலில் தேர்ந்து ‘அடிப்படை வருமானம்’ என்ற பெயரில் மாதம் 560 யூரோ நிபந்தனையின்றி வழங்கினார்கள். வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. வேலைவாய்ப்பில் தென்பட்ட மாற்றம் மிகச் சிறியது. போதாததற்கு, 2018 ஜனவரியில் வேலையில்லாதோருக்கான விதிகளை அரசு கடுமையாக்கியதால், இரண்டாம் ஆண்டில் எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினமாயிற்று. பணம் பெற்றவர்கள் தங்கள் வாழ்வில் கூடுதல் மனநிறைவையும் நம்பிக்கையையும் தெரிவித்தார்கள். ஆனால் அந்தக் கருத்தாய்வுக்குப் பதில் சொன்னவர்கள் குறைவு. இவை அத்தனையையும் ஆய்வாளர்கள் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதனால்தான் அடிப்படை வருமானத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இன்றும் அந்த அறிக்கையை நம்பி எடுத்தாள முடிகிறது.

இறுதி அத்தியாயத்தில் அரசுக்குப் பரிந்துரைகள் எழுத வேண்டுமா?

உங்கள் சான்று தாங்கும் அளவுக்கு எழுதுங்கள். துரித உணவகங்களை மட்டும் ஆராய்ந்துவிட்டு நாட்டின் ஊதியக் கொள்கை முழுவதற்கும் பத்துப் பரிந்துரைகள் எழுதினால், முன்னால் உள்ள நூறு பக்கங்களின் மீதும் ஐயம் எழும். ஒரே பரிந்துரையை, எந்த நிலையில் அது பொருந்தாது என்பதையும் சேர்த்து, அரைப் பக்கத்தில் எழுதினால் தேர்வாளர் அதை நிறுத்திப் படிப்பார்.